பச்சை உருளை

ஜூன் 14, இரவு

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்ததை ஒரே குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அம்மா தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து உங்களுக்குப் போன் செய்தால் வாய் தவறிக்கூட இதைப் பற்றிச் சொல்லக் கூடாது. மனதுக்குள் சத்தியம் செய்துவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள்.

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பூதக்கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்க மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றீர்களே, சொட்டு மருந்து விடுகிறீர்களா? இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். தம்பி மொட்டைக்கு மட்டும் கொஞ்சம் வயிற்று வலி. பல் முளைக்கிறது என்கிறாள் அம்மா.

ஒரு சந்தேகம். எங்கள் வகுப்பில் ஒருத்தி சின்னச் சின்ன மின்சுற்றுகள் செய்கிறாள். உருக்கி ஒட்டவைக்க அவள் எந்த சால்டர் கம்பி வாங்கினால் நல்லது? உருகும்போது வரும் புகை விஷமா? நன்றாக ஒட்டுவதற்குத் தடவும் ஃப்ளக்ஸுக்கு அவள் குழாய் ரிப்பேர் கடையில் விற்கும் பேஸ்டைத் தடவுகிறாள். அது சரியா? தொழிற்சாலையில் இதையே பார்க்கிறவர் நீங்கள். அவள் ரொம்பப் பயந்திருக்கிறாள்.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உறைமேல் இருக்கும் முகவரி என் தோழி நெட்டச்சியுடையது. அவள் வாயைத் திறக்க மாட்டாள், திறந்தாலும் அவ்வளவு உயரத்தில் யாருக்கும் கேட்காது. போன் அப்பாவின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கால் மரத்துவிட்டது.

உங்கள்
வாலு


ஜூன் 23

என் வாலுக்கு,

முதுகு இருக்கிறது, அதனால் வலியும் இருக்கிறது. கண்ணுக்கு மருந்து விடுகிறேன். நீ நன்றாகச் சாப்பிடு, தூங்கு. மொட்டையின் வயிற்றைத் தடவிக்கொடு.

உன் வகுப்பில் இருக்கும் அந்த ஒருத்திக்கு உன்னைப் போலவே இடது கைப் பழக்கமோ என்னவோ. இருக்கட்டும், அவளுக்கே சொல்கிறேன்.

கம்பி இரண்டு வகை. ஒன்றில் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்கும். சீக்கிரம் உருகும், பளபளவென்று ஒட்டும், புதிதாகக் கற்பவருக்குக் கை பழகும். இன்னொன்றில் காரீயம் கிடையாது. வெள்ளீயமும் துளி செம்பும்தான். கூடுதல் சூடு கேட்கும், ஒட்டிய இடம் மங்கலாக இருக்கும், அதைப் பார்த்துத் தப்பாகிவிட்டது என்று பதறக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இரண்டாவதுதான். யோசிக்கவே வேண்டாம்.

புகையில் இருப்பது காரீயம் இல்லை. அந்தச் சூட்டுக்குக் காரீயம் ஆவியாகாது. கம்பிக்குள் இருக்கும் மரப்பிசின்தான் புகைகிறது. அதுவும் நெஞ்சுக்கு ஆகாது. சின்ன விசிறி வைத்துப் புகையை முகத்திலிருந்து அப்பால் இழுக்க வேண்டும். காரீயம் உடம்புக்குள் போகிற வழி கை, பிறகு வாய். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பிடுகிற இடத்தில் இந்த வேலையே கூடாது.

குழாய்க்காரர் பேஸ்டைத் தூக்கிப் போடச் சொல். அதில் அமிலம் இருக்கும். இன்று ஒட்டும், மூன்று மாதத்தில் கம்பிக் காலையே தின்றுவிடும். மின்சுற்றுக்கு மரப்பிசின் ஃப்ளக்ஸ் மட்டும்தான்.

போன விடுமுறையில் நான் கொடுத்த, கம்பி உருக்கும் அயர்ன் இன்னும் பரண்மேல்தானே இருக்கிறது? நீ மெத்தை உறையைப் பொசுக்கிய அன்று உன் அப்பா போட்ட சத்தம் இங்கே வரை கேட்டது.

சித்தி


ஜூலை 3, இரவு

அன்புள்ள சித்தி,

மறுபடியும் சத்தியம். யாருக்கும் காட்டாதீர்கள்.

உங்கள் உடம்பு தேவலையா? எனக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒருத்தி நான்தான். பேஸ்டை எறிந்துவிட்டேன். அயர்னை ஏப்ரலிலேயே பரணிலிருந்து இறக்கிவிட்டேன். “இனிமே அந்தக் கம்பிய இந்த வீட்ல பாத்தேன், உன் பொஸ்தகத்தையும் சேத்து வெளிய எறிஞ்சிருவேன்” என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. சொன்னதைச் செய்கிறவர் அவர். அப்பா இரவு பஸ் ஓட்டப் போன பிறகு, அம்மா அசந்து தூங்கிய பிறகு, செய்வேன். மொட்டைக்கு ஒரு விளக்கு செய்தேன். இருட்டினால் தானாக எரியும். இருட்டைக் கண்டால் அவன் வீட்டையே தலைகீழாக்குகிறான் இல்லையா, அதற்காக. நன்றாக எரிகிறது, சித்தி. நெட்டச்சி கொடுத்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கம்பி நீங்கள் தந்த பச்சை உருளைதான். அதன் மேல் 60/40 என்று போட்டிருக்கிறது. நீங்கள் கொடுத்ததாயிற்றே, அது நல்லதுதானே? உங்களைப் போலவே கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் செய்கிறேன்.

வேலை செய்வது மடக்குப் பலகைமேல். அதில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். அதில்தான் மொட்டை ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறான். கீழே விழுந்ததையும் பொறுக்கிச் சாப்பிடுவான். ஒருநாள் நடுவில் விழித்துக்கொண்டு அழ வாயைத் திறந்துவிட்டான். அம்மா எழுந்துவிடுவாள் என்று உயிரே போய்விட்டது. கையில் ஒன்றைக் கொடுத்து, தட்டித் தூங்கவைத்தேன்.

அவன் இப்போது “அக்கா” சொல்வதில்லை. “பஸ்” சொல்வதில்லை. முன்பு சொன்னான், உங்களுக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். பலகைமேல் இருப்பது ஒரு பிள்ளையின் உடம்புக்குள் எவ்வளவு போகும்? உடனே எழுதுங்கள்.

வாலு


ஜூலை 30, இரவு

அன்புள்ள சித்தி,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். பதில் வரவில்லை. தினமும் நெட்டச்சியின் முகத்தைப் பார்க்கிறேன், அவள் உதட்டைப் பிதுக்குகிறாள்.

மொட்டைக்கு ரத்தம் எடுத்தார்கள். காரீயம் பத்தொன்பது. ஐந்தே அதிகமாம். டாக்டரம்மா கேட்டார், “வீட்ல யாராச்சும் பேட்டரி, பெயின்ட், ஈயம் உருக்குற வேல, இப்படி ஏதாவது பாக்குறீங்களா?”

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா பேட்டரிக் கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். கார் பேட்டரிகளைத் துடைத்துச் சார்ஜ் போடுவாள். அம்மா தன் கைகளைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு விசிறி, மூன்று இறக்கை.

“அக்காவுக்கும் ரத்தம் பாத்துரலாம், நாளைக்கு இவளையும் கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா. எனக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டேன். பரீட்சை அடுத்த மாதம்தான்.

வரும் வழியில் பஸ்ஸில் அப்பா முன் இருக்கையில் தனியாகப் போய் உட்கார்ந்தார். வீட்டுப் படியில் நின்று, “கடை உடுப்போட அவனத் தூக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்” என்றார். அம்மா, “ஆமா, சொன்னீங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 7

வாலுக்கு,

நீயும் மொட்டையும் தேற வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் ஜூலை ஏழாம் தேதியே வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து எழுந்ததிலேயே போய்விட்டது.

தொழிற்சாலையில் காரீயம் இல்லாத கம்பிக்கு மாறியபோது பழைய உருளைகளை ஒரு பெட்டியில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சீக்கிரம் உருகுமே, உன் கை பழகுமே என்று பச்சை உருளையை எடுத்தேன். 60/40 என்றால் அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். அப்போது என் கண்ணுக்கு நீ மட்டும்தான் தெரிந்தாய். உன் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தவன் தெரியவில்லை. தவறைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இப்போது சொல்வதை அப்படியே செய். உருளையை இரண்டு பையில் சுற்றி வீட்டை விட்டு வெளியேற்று. பலகையை, தரையை, கட்டில் காலை ஈரத்துணியால் துடை. பெருக்காதே, தூசி பறக்கும். துணியை எறிந்துவிடு. அயர்ன் துடைக்கும் பஞ்சையும் எறி. கம்பியை இனி வாயில் வைக்காதே. பதினொரு வருஷம் நான் அப்படித்தான் வைத்தேன்.

பிறகு என் அக்காவிடம், உன் அம்மாவிடம் சொல். இன்றைக்கே. டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும்.

சித்தி


ஆகஸ்ட் 19, இரவு

அன்புள்ள சித்தி,

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உருளை போய்விட்டது. பலகையை மூன்று தடவை துடைத்தேன். அயர்னை நெட்டச்சியிடம் கொடுத்துவிட்டேன். அம்மா, “என்னடி அதிசயமா வீடு தொடைக்கிற” என்றாள். அதுதான் சரியான நேரம். “சும்மாதான்மா” என்றேன்.

அம்மா கடையை விட்டுவிட்டாள். பழைய உடுப்பையெல்லாம் தூக்கிப் போட்டாள். கைகளை நாரால் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கில் தோல் உரிந்திருக்கிறது. மொட்டையைத் தூக்குவதே இல்லை. அவன் கையை நீட்டிக்கொண்டு வந்தால் ரப்பர் கையுறையைத் தேடுகிறாள். அது கிடைப்பதற்குள் அவன் திரும்பிப் போய்விடுகிறான். அப்பாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே பஸ் ஓட்டுகிறார். “அடுத்த ஸ்டாப்பு யாருப்பா எறங்குறது, சீக்கிரம் வாங்க, பஸ்ஸு நிக்காது” என்கிறார். மொட்டை சிரிப்பதில்லை. நேற்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எல்லாம் துடைத்தாயிற்று. இனி எண் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் சொல்ல வேண்டியதில்லைதானே, சித்தி?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்கு மூன்று முறை குழந்தை தங்கவில்லை என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அது நீங்கள் கம்பியை வாயில் வைத்த வருஷங்களிலா?

வாலு


ஆகஸ்ட் 29

வாலுக்கு,

சுகம்.

கேட்டதற்குப் பதில்: தெரியாது. அப்போது எந்த டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சித்தப்பா தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போன அன்றும் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. இனி இதைக் கேட்காதே.

இறங்கினாலும் சொல்லத்தான் வேண்டும். தன் கையே விஷம் என்று ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் உன் அம்மா. நான் உன் அப்பாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். புருஷனை விட்டவள் என்று என்மேல் அவருக்கு இருக்கும் கோபம் தெரியும்தானே, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அக்காவிடம் கொடுக்கவும் இல்லை.

பழியை என்மேல் போடு. ‘சித்தி கொடுத்தது’ என்று தொடங்கு. மீதி தானாக வரும்.

சித்தி


செப்டம்பர் 17, இரவு

அன்புள்ள சித்தி,

நலம் விசாரிக்க இன்று என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்.

இறங்கவில்லை. முப்பத்தெட்டு.

அம்மா கடையை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். கம்பி வீட்டிலேயே இல்லை. பிறகு எப்படி ஏறும்? டாக்டரம்மா, “இன்னும் எங்கயோ இருக்கு. வீட்டுக்குள்ளயே இருக்கு” என்றார். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மருந்து கொடுக்க வேண்டுமாம். மூளைக்குப் போய்விட்டால் திரும்பாதாம்.

அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். “உன் ஒடம்புலேயே ஊறிப்போயிருக்கு போல. கொஞ்ச நாள் உங்கண்ணன் வீட்ல இரு. அவனுக்கு எறங்குதான்னு பாப்போம்.”

அம்மா மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தேன். “நானும் அதத்தான் நெனச்சேன்” என்றாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி காலை பஸ். பெட்டியில் இரண்டு புடவை வைத்திருக்கிறாள். மொட்டையின் சட்டை ஒன்றையும் எடுத்து, முகர்ந்து பார்த்து, திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

‘சித்தி கொடுத்தது’ என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மீதி தானாக வரவில்லை.

வாலு


செப்டம்பர் 24

வாலு,

பலகைகள் நகர்ந்து வரும் பட்டையில் தட்டுப்படாத தவறு, அடுக்கிவைத்த பலகைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கும்போதுதான் அகப்படும். நேற்று ராத்திரி உன் கடிதங்களை அப்படிப் பார்த்தேன். நான் எதையும் கிழிக்கவில்லை.

ஜூலை மூன்றாம் தேதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறாய்: ‘கையில் ஒன்றைக் கொடுத்து, தட்டித் தூங்கவைத்தேன்.’

என்ன கொடுத்தாய்?

அது கம்பியில் செய்ததாக இருந்தால் இப்போதே தேடு. கிடைத்ததும் டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். வயிற்றுக்குள் துண்டு இருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அது உள்ளே இருக்கும்வரை எண் இறங்காது. உன் அம்மாவை எந்த ஊருக்கு அனுப்பினாலும் இறங்காது.

ஒன்றாம் தேதி நான் கிளம்பி வருகிறேன். உன் அப்பா கதவைத் திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் எனக்காகக் காத்திருக்காதே.

சித்தி


செப்டம்பர் 30, இரவு

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதம் இன்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. நெட்டச்சி குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தாள், மூன்று நாள் அது அவர்கள் கதவடியிலேயே கிடந்திருக்கிறது. நீங்கள் வருவதற்குள் இது தபால் பெட்டிக்குக்கூடப் போகாது. ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் வாய்க்கு வரும் போலிருக்கிறது.

முயல். ஒரு முயல் செய்து கொடுத்தேன்.

கம்பி மெத்தென்று இருக்கும் இல்லையா, விரலாலேயே வளையும். இரண்டு நீளக் காது, குட்டி வால், நாலு கால். கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டேன், அவன் வாயை மூட வேண்டுமே. அவன் அழவில்லை. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சில்லென்றதும் சிரித்தான். இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தான். பிறகு காணவில்லை. குப்பையோடு போயிருக்கும் என்று நானே முடிவு செய்து மறந்துவிட்டேன். அம்மா கண்ணில் படாமல் தொலைந்ததே என்று சந்தோஷம்கூடப் பட்டேன், சித்தி.

கடிதத்தைப் படித்ததும் தேடினேன். கட்டிலுக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னால், பொம்மைக் கூடையில், எங்கும் இல்லை. இப்போது அவன் தூங்கிய பிறகு தலையணையைத் தடவினேன். உறையின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. அதற்குள் அவனுடைய சொத்தெல்லாம் இருக்கிறது. ஒரு பொத்தான், பென்சில் மூடி, என் ரிப்பன் துண்டு.

முயலும் இருக்கிறது.

காது இரண்டும் இல்லை. வால் இல்லை. முன்னங்கால் ஒன்று பாதி இருக்கிறது. மீதி உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பல் தடம். ஈறு அரிக்கும்போதெல்லாம் எடுத்துக் கடித்துவிட்டு, திரும்ப ஒளித்துவைத்திருக்கிறான். ஒளித்துவைப்பதை யாரிடம் கற்றான் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை.

அப்பா இன்று வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் அம்மாவைப் பஸ் ஏற்றிவிட வேண்டுமே. கூடத்தில் படுத்திருக்கிறார், தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. அம்மாவின் பெட்டி வாசலில் இருக்கிறது. அம்மா மொட்டையின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி, தரையில் படுத்திருக்கிறாள். கையுறையைப் போட்டுக்கொண்டே படுத்திருக்கிறாள், சித்தி. இருட்டியதும் அந்த விளக்கு தானாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா, சித்தி கொடுத்தது.

இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். சித்தி கொடுத்தது எனக்கு. மொட்டைக்குக் கொடுத்தது நான்.

அப்பா, அம்மா கொண்டுவரல. நான்தான் கொண்டுவந்தேன். இன்னும் அவன் வயித்துக்குள்ள இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

நாலே வரிதான். வாயை அசைத்து நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். விடியட்டும், அம்மா முகம் கழுவும்போது முதலில் அவளிடம் சொல்லலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. ஏப்ரலிலிருந்து அந்த மனம் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடியும்வரை இன்னும் எத்தனை மணி நேரம் அது அவன் வயிற்றுக்குள் கரையும்? நீங்களானால்

குளியலறைக் கதவைத் தட்டுகிறார்கள்.

அம்மா தட்டினால் விரல் முட்டியால் இரண்டு தடவை. இது உள்ளங்கை, அப்பா. “உள்ள யாரு, இந்நேரத்துல லைட்டப் போட்டுக்கிட்டு? தொற.”

முயல் என் வலது கையில் இருக்கிறது. எப்போதும்போல அதை வாளிக்கு அடியில் தள்ளப் போனேன். தள்ளவில்லை. தாழ்ப்பாளைத் திறக்கிறேன்.